உறைக்காரர் வீட்டு ஏசி

என் அக்கா புருஷனை நினைத்தாலே எனக்குக் குமட்டும். ஆள் அழுக்கானவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவ்வளவு சுத்தமான மனிதரை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். காலையில் ஒரு குளியல், கடையிலிருந்து வந்ததும் ஒரு குளியல். நகக்கண்ணில் பிரஷ் விட்டுத் தேய்ப்பார். சட்டை எப்போதும் மொடமொடவென்று இருக்கும். அந்தச் சுத்தம்தான் எனக்குக் குமட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருகிறவள். செதிளைச் சுரண்டி, வயிற்றைக் கிழித்து, உள்ளே இருப்பதை ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிட்டு, துண்டு போட்டுக் கொடுப்பேன். அழுக்கு என்றால் என்ன, நாற்றம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் ஒன்றைப் பார்த்து முகம் சுளித்தேன் என்றால் அதில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவரை ஊரில் உறைக்காரர் என்பார்கள். தொழில் சோபா ரிப்பேர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் நீட்டினால் சுவரில் இடிக்கும் அகலத்தில் ஒரு கடை. உள்ளே ரெக்சின் சுருள்கள், ஸ்பாஞ்ச் அடுக்கு, தையல் மிஷின். வாசலில் ஊர்க்காரர்களின் சோபாக்கள் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். மூலையில் பசை டின் எப்போதும் திறந்தே இருக்கும். அந்தப் பசைக்கே எனக்குத் தலை சுற்றும். அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்.

பழைய துணியை உரித்து எடுப்பதுதான் அவருக்கு முதல் வேலை. உரித்ததும் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டும். கடித்துத் துப்பிய நகம், மென்று ஒட்டிய பபிள்கம், கோழி எலும்பு, கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு, கொத்துக் கொத்தாக முடி, எலி குட்டி போட்ட பஞ்சு. இதையெல்லாம் கடையோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிப்பார்.

"இன்னைக்கு ஒரு வக்கீல் வீட்டு சோபா வந்துச்சு. வெளியில பாத்தா வெல்வெட்டு. உள்ள பாத்தா ஒரு பல்செட் கெடக்குது. பல்லு காணாமப் போனதுகூடத் தெரியாம அது மேலயே உக்காந்து டிவி பாத்திருக்கான் மனுஷன்."

அக்கா வாயருகில் கொண்டுபோன கையை அப்படியே தட்டில் இறக்குவாள். அவர் மட்டும் ரசித்துச் சாப்பிடுவார். "மனுஷன மாதிரி அசிங்கமான பிராணி கெடையாது. எல்லாரையும் நான் உரிச்சுப் பாத்துட்டேன்" என்று முடிப்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் எதையும் திறக்கமாட்டார். திறப்பதற்குப் பதிலாக உறை தைத்துவிடுவார். பிரிட்ஜுக்கு உறை, வாஷிங் மிஷினுக்கு உறை, டிவிக்கு உறை, அதன் ரிமோட்டுக்கு உறை. கேஸ் சிலிண்டருக்குக் கூட ஓரத்தில் சுருக்கம் வைத்து ஒரு பாவாடை. சோபாவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேலுறைகளையெல்லாம் கழற்றி வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி மாட்டுவார். உள்ளே இருக்கும் பொருள் என்ன நிறம் என்று அக்காவுக்கே மறந்திருக்கும்.

"பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒருநாள் தள்ளிப் பாத்தா என்ன மாமா?" என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"தெனம் ஊரான் வீட்டு அழுக்க உரிச்சுக்கிட்டு இருக்கேன். என் வீட்லயாவது என்ன நிம்மதியா விடு" என்றார்.

என்னை அந்த வீட்டுக்குள் விடுவதே பெரிய விஷயம். பின்பக்கக் குழாயில் காலைக் கழுவ வேண்டும், கையைக் கழுவ வேண்டும், பிறகு எனக்கென்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். என்னைக் கண்டதுமே பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். "சின்னவளே, நாலு வீட்டுக்கு அடிக்குது உன் மீன் வாடை" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்காவைப் பார்க்க வேண்டுமே.

அக்கா பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பாள். அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். ஊர்ப் பெயர்களை அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் மரியாதை கொடுத்துச் சொல்வாள். வயசானவர்கள் கூண்டுக்கு வந்து, "நீ சொன்னாத்தான்மா புரியுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்கு வாழ்க்கையில் பெருமை என்று இருந்தது அந்த மைக் ஒன்றுதான்.

அதற்குத்தான் கேடு வந்தது. முதலில் காலைத் தும்மல். கண்ணில் அரிப்பு, மூக்கில் தண்ணீர். பிறகு தும்மல் மைக்கிலும் வர ஆரம்பித்தது. பஸ் பெயருக்கும் நேரத்துக்கும் நடுவில் அவள் தும்முவதை நிலையத்துப் பையன்கள் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். அடுத்தது இளைப்பு. ஒரு வரியை முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். கடைசி ஊரின் பெயர் காற்றாகத்தான் வரும். ஒருநாள் யாரோ தப்பான பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். மேலாளர் நல்லவர்தான், கோபப்படவில்லை. "உடம்பப் பாருங்கம்மா. சரியானதும் வாங்க. எடத்த ரொம்ப நாள் காலியா வைக்க முடியாது, அதையும் சொல்லிடறேன்" என்றார்.

டாக்டரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். இது ஒவ்வாமை. மெத்தை, தலையணையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. ஈரம் இருந்தால் அவை பெருகும், பூஞ்சையும் பெருகும். ரோட்டுத் தூசி, செடிகளின் மகரந்தம் வேறு ஜன்னல் வழியாக வருகிறது. முடிந்தால் படுக்கையறைக்கு ஏசி போடுங்கள், ஜன்னலைச் சாத்தி வையுங்கள், காற்றில் ஈரம் குறையும், தூசி குறையும். ஒன்றே ஒன்று, ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு உள்ளே சுத்தம் செய்யுங்கள்.

உறைக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தோலைத் தின்னும் பூச்சி என்று டாக்டர் சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் இத்தன வருஷமா என்ன சொல்றேன்?" என்றார். சொந்தக்காரர் கிடைத்த மாதிரி டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா இருமிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாவற்றையும் அவரே பேசினார்.

ஏசி வந்தது. நான் ஏசியைக் குறை சொல்லமாட்டேன். வந்த புதிதில் அக்கா தும்மலில்லாமல் எழுந்தாள். போனில் அவள் குரல் கணீரென்று இருந்தது. "நல்லாத் தூங்குறேன்டி. இன்னும் கொஞ்ச நாள்ல டூட்டிக்குப் போயிடுவேன்" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். அந்த மனிதரைக் கூட மனசுக்குள் கொஞ்சம் மன்னித்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஒருநாள் அவர் ஸ்டூலில் ஏறி ஏசியின் தலையைப் பார்த்திருக்கிறார். காற்றை இழுக்கும் ஓட்டைகள் மேலேதான் இருக்கின்றன. அங்கே லேசாகத் தூசி படிந்திருந்தது. அவ்வளவுதான், மனிதருக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய், கெட்டியான வெள்ளைக் காட்டன் துணியில், உள்பக்கம் லைனிங் கொடுத்து, ஓரத்துக்கு நீலப் பட்டி வைத்து, எலாஸ்டிக் போட்டு ஏசிக்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்துவிட்டார். தலையையும் பக்கங்களையும் மூடி, காற்று வெளியே வரும் வாய்க்கு மட்டும் இடம் விட்ட உறை. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. குழந்தைக்குத் தொப்பி மாட்டுவதுபோல மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாராம்.

"ஃபில்டர்ல தூசி ஒட்டுனப்புறம் கழுவுறதுல என்ன இருக்கு? நான் அத வாசல்லயே நிறுத்திட்டேன். இதுதான் உண்மையான ஃபில்டர்" என்று எனக்கும் விளக்கினார்.

உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாது இது. மூச்சு இழுக்கிற இடத்தில் துணியைக் கட்டிவிட்டு, அந்தத் துணியை வாராவாரம் வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டார். துணி பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த நிஜமான ஃபில்டரை அவர் தொடவே இல்லை. அது மூடியைத் திறக்கிற வேலை. அவர் வீட்டில் எதையும் திறப்பதில்லையே.

கொஞ்ச நாளில் குளிர் குறைந்தது. ஏசியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்குக் கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டார், துண்டுக்கும் ஓரம் அடித்து. அக்காவுக்குத் தும்மல் திரும்பி வந்தது, பின்னாலேயே இளைப்பும் வந்தது. இந்த முறை இன்னும் மோசம்.

"ஏசி போட்டா ஒரு வாடை வருதுங்க. நனஞ்ச சாக்கு மாதிரி" என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"மூக்கு முழுக்க அடச்சுக்கெடக்குது. உனக்கு என்ன வாடை தெரியும்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

அவள் மறுபடி சொன்னாள், மறுபடியும் அதே பதில். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். எனக்கு இது தெரிந்திருந்தால் அன்றைக்கே போய் அந்த உறையைக் கிழித்திருப்பேன். என் அக்கா அப்படித்தான், தனக்கென்று வரும்போது அவளுக்கு மைக் கிடையாது.

மறுபடி டாக்டர். "ஃபில்டர் கழுவுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"வாராவாரம் டாக்டர். அதுவும் வெந்நீர்ல" என்றிருக்கிறார் உறைக்காரர், தன் உறையை நினைத்துக்கொண்டு.

டாக்டர் பாவம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று சந்தோஷப்பட்டிருப்பார். அப்படியென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டினார். வாயில் வைத்து இழுக்கும் மருந்தையும் பெரிதாக மாற்றினார். பூனை, நாய் வளர்க்கிறீர்களா என்றும் கேட்டார்.

"வீட்ல இல்ல டாக்டர். இவ தங்கச்சி வீட்ல ஒரு பூனை இருக்கு. அவ வந்து வந்து போறா."

அன்றோடு எனக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. என் துணியில் ஒட்டிவரும் பூனை முடிதான் அக்காவைக் கொல்கிறதாம். போனிலேயே சொன்னார்: "தப்பா எடுத்துக்காத சின்னவளே. உங்க அக்கா நல்லதுக்குத்தான்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று வெட்டிய மீன் எல்லாம் கோணல் மாணலாகப் போனது. ஆனால் என்ன பேசுவது? ஒருவேளை நிஜமாகவே என் பூனைதான் காரணமாக இருந்துவிட்டால் என்ற பயம் எனக்கும் இருந்தது. 

போனில் அக்காவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. மேலாளர் வேறு ஒரு பெண்ணைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார் என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே.

அப்போதுதான் உறைக்காரருக்கு வெளியூரில் ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு சினிமா தியேட்டரின் சீட் முழுவதையும் உரித்து மாற்ற வேண்டும். அங்கேயே தங்கிச் செய்ய வேண்டிய வேலை. அக்காவைத் தனியாக விட முடியாது. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்கு அனுப்பினார். கிளம்பும் முன் எனக்கு ஆயிரம் கட்டளை. பூனையை வெளியே கட்ட வேண்டும், போர்வையைக் கொதிக்க வைக்க வேண்டும். சரி சரி என்று தலையாட்டினேன்.

என் வீடு எப்படி என்று மறைக்க மாட்டேன். ஜன்னலில் ஒரு கதவு சரியாகச் சாத்தாது. ரோட்டுத் தூசி தாராளமாக வரும். பூனையைக் கட்டிப்போட்டால் அது ஊரைக் கூட்டும், அதனால் கட்டவில்லை. அக்கா கையில் மருந்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்து படுத்தாள். நானும் பயந்துகொண்டே பார்த்திருந்தேன்.

அவள் தும்மினாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இளைப்பு வரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் நெஞ்சில் கேட்ட அந்த விசில் சத்தமும் குறைந்தது. ஒரு நாள் காலையில் நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் எந்த பஸ் எத்தனையாவது நடைமேடையில் நிற்கிறது என்று அறிவித்தது. எட்டிப் பார்த்தால், அக்கா கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு பூனையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடைசி ஊர்வரை மூச்சு உடையாமல் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் கோபம் வந்தது. பூனை இல்லை என்றால், அப்படி அந்த வீட்டில் என்னதான் இருக்கிறது?

அவர் வேலையை முடித்துவிட்டு வந்ததும் போன் போட்டார். மறுநாள் மத்தியானம் மார்க்கெட் முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். வேண்டுமென்றேதான் போனேன், காலைக்கூடக் கழுவவில்லை. பூனைக்காக எடுத்துவைத்த மீன் குடல் ஒரு கறுப்புக் கவரில், துணிப்பைக்குள் இருந்தது. காலையிலிருந்து வெயிலில் இருந்த சரக்கு. அதைக் கூடத்துச் சோபாவின் மேல் வைத்தேன். அவர் அப்போது கடையில் இருந்தார்.

படுக்கையறைக்குள் போய் அக்கா ஏசியைப் போட்டாள். குப்பென்று ஒரு வாடை முகத்தில் அறைந்தது. மழையில் நனைந்த கோணிப்பையைக் கட்டி மூலையில் போட்டு மறந்துபோய், ரொம்ப நாள் கழித்து அவிழ்த்தால் வருமே, அந்த வாடை. அக்கா உடனே வாசலுக்கு ஓடினாள். நெஞ்சில் விசில் ஆரம்பித்துவிட்டது.

"இதத்தான்டி நான் அவர்கிட்ட சொன்னேன். மூக்கு சரியில்லன்னுட்டாரு" என்றாள்.

சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். உறையைக் கழற்றினேன். வெளியே வெள்ளை வெளேரென்று இருந்த துணியின் லைனிங் முழுக்க, வெந்நீரில் துவைத்தும் போகாத கறுப்புப் புள்ளி. பூஞ்சை. முன்மூடியைத் தூக்கினேன். ஃபில்டர் வலை கண்ணுக்கே தெரியவில்லை. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், தோல் உரிவதுபோல மொத்தமாக உரிந்து வந்தது. ஈரமாக இருந்தது, சொதசொதவென்று. அதற்குப் பின்னால் தகடுகளுக்கு நடுவே பச்சையும் கறுப்புமாக வழவழப்பு. போன் விளக்கை அடித்துக் காற்று வரும் வாய்க்குள் பார்த்தேன். உள்ளே சுற்றும் உருளையில் அட்டை அட்டையாகக் கறுப்பு ஒட்டியிருந்தது. விரலை விட்டுத் துடைத்தேன். விரலோடு கோழை மாதிரி ஒன்று நீளமாக வந்தது.

நான் வாழ்நாளில் எத்தனையோ வயிறுகளுக்குள் கை விட்டிருக்கிறேன். அழுகிய மீனைக்கூட முகம் மாறாமல் கிழித்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடிப்போய் குளியலறையில் வாந்தி எடுத்தேன். என் அக்கா இதை இழுத்துத்தான் மூச்சு விட்டாள். நெஞ்சுக்குள் போயிருக்கிறது இதெல்லாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது உறைக்காரர் சாப்பாட்டுக்கு வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கர்ச்சீப் மூக்குக்குப் போனது. பிறகு படுக்கையறைக் கதவு வழியாக, திறந்து கிடந்த ஏசியைப் பார்த்தார். கத்துவதற்காகக் கர்ச்சீப்பை இறக்கினார்.

"யார கேட்டு அதுல கை வச்ச? பூனை முடியெல்லாம் உள்ள போயிருக்கும் இப்ப."

"மாமா, அந்த வாடையில எப்படிப் படுத்தீங்க?"

"என்ன வாடை? நேத்துகூட ஏசி போட்டுத்தான் படுத்தேன். ஒரு வாடையும் கெடையாது. நீயும் உங்க அக்காவும் சேந்துக்கிட்டுக் கத கட்டாதீங்க."

பேசிக்கொண்டே கூடத்துச் சோபாவில் உட்கார இடம் செய்வதற்காக என் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற அக்காவே முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். இவர் அந்தப் பையின் மேல் ரெண்டு கையையும் ஊன்றி, குனிந்து, சாவகாசமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மாமா, அந்தப் பைல என்ன இருக்கு, சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்? உங்க அக்கா துணியா இருக்கும்."

நான் பையைப் பிரித்து, கவரைத் திறந்து காட்டினேன். குடலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முகத்தைச் சுளித்தார், கர்ச்சீப்பைத் தேடினார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். தேடிய கை நின்றுவிட்டது. நான் பையை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கக் குழாயடியில் வைத்துவிட்டு வந்தேன்.

"மூக்கு எப்ப போச்சுன்னு எனக்கே சரியாத் தெரியல. அந்தப் பசைதான் தின்னிருக்கணும்" என்றார் கடைசியில். "வெளியில சொல்ல முடியுமா? சோபாவத் திருப்பி எடுக்க வர்றவன் மொதல்ல கேக்கறதே நாத்தம் போயிருச்சான்னுதான். மூக்கில்லாதவன்கிட்ட யாரு வேல குடுப்பா?"

"அப்ப இத்தன வருஷமா என் மேல மீன் வாடை அடிக்குதுன்னு மூக்கப் பொத்துனீங்களே?"

"மீன் வெட்டுறவ மேல வேற என்ன வாடை அடிக்கும்?" என்றார். ரொம்ப சாதாரணமாக, அதில் தப்பு இருப்பதே தெரியாமல் சொன்னார். ஏசியில் பார்த்ததை விட அந்தப் பதில்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

அக்கா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள். "எனக்கு மூக்கு சரியில்லன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் கர்ச்சீப்பை எடுத்து நாலாக மடித்துக்கொண்டே சொன்னார். "பயமா இருந்துச்சு. நீ சொல்றது நெசம்னா, எனக்குத் தெரியாம இந்த வீட்ல இன்னும் என்னென்ன நாறுதோன்னு. அதுக்குத்தான் எல்லாத்தையும் மூடி மூடி வைக்கிறேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு என் அக்காவின் நெஞ்சா கிடைத்தது? எனக்கு வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன், அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். வாசலில் இறக்கி வைத்திருந்த தன் துணிமூட்டையைத் தோளில் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் தொறந்து சுத்தம் பண்ணிட்டுக் கூப்பிடுங்க. நான் வந்து மோந்து பாக்கறேன். நான் சரின்னு சொன்னாத்தான் சரி" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை.

இந்தமுறை டாக்டரிடம் அக்கா என்னோடுதான் போனாள், எல்லாவற்றையும் அவளே சொன்னாள். உறை விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஏசி மேல் தப்பில்லை, நன்றாகக் கழுவி, உறையில்லாமல், ஃபில்டரை ஒழுங்காகச் சுத்தம் செய்து ஓட்டினால் அது உங்களுக்கு நல்லதுதான் செய்யும் என்றார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மேலாளரைப் போய்ப் பார்த்தோம். அக்கா அங்கேயே நின்று ஒரு அறிவிப்பை மூச்சு விடாமல் சொல்லிக் காட்டினாள். அடுத்த மாதம் முதல் டூட்டிக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஏசி மெக்கானிக் வந்து, தண்ணீர் பிடிக்க ஏசிக்கு அடியில் ஒரு பையைக் கட்டி, பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாராம். பையில் இறங்கிய தண்ணீர் தார் மாதிரி இருந்ததாம். உறைக்காரர் கூப்பிட்டார், போனோம். அக்கா அறை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். எனக்கும் லேசாக வாடை வந்தது, உண்மைதான். மெத்தையிலும் திரையிலும் ஏறியிருந்தது.

திரும்பவும் கூப்பிட்டார். இப்போது வீட்டில் ஒரு உறை கிடையாது. பிரிட்ஜ் சிவப்பு நிறம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சுவரிலிருந்து தள்ளி, பின்பக்கமெல்லாம் தேய்த்திருந்தார். பழைய மெத்தை போய்ப் புதுசு வந்திருந்தது. அக்கா உள்ளே போய் மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டு வந்தாள். "இருக்கு" என்றாள். அவர் எங்கே என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை, ஆனால் இருக்கிறது என்றாள்.

மூன்றாவது தடவை நாங்கள் போனபோது, அவர் ஏணியில் நின்று சோப்புத் தண்ணீரால் அறையின் கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து, முழங்கைவரை நுரை. அந்த மனிதரை அழுக்குச் சட்டையில் நான் பார்த்ததேயில்லை. எங்களைக் கண்டதும் இறங்கி வந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, சன்னமாக நல்ல குளிர். நான் ஆழமாக இழுத்துப் பார்த்தேன். என் மூக்கு மார்க்கெட்டில் பேர்பெற்ற மூக்கு, கூடையைத் திறக்கும் முன்பே பழைய மீனைக் கண்டுபிடித்துவிடும். சோப்பு வாசனையைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நெஞ்சு நிறைய இழுத்தாள், மெதுவாக விட்டாள். விசில் இல்லை, தடங்கல் இல்லை. அவள் அப்படி மூச்சு விட்டுப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

"இப்ப?" என்று கேட்டார் அவர், கையில் சொட்டும் துணியோடு.

அக்கா கண்ணைத் திறந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் துணியைப் பிழிந்துகொண்டு மறுபடி ஏணியில் ஏறினார்.